ஊசித்தட்டானுக்குப் பெயர் சொல்ல எது நல்ல வழி: படமா, கையில் பிடித்துப் பார்ப்பதா, மாதிரியா, மரபணுவா?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக மலை இறங்கித் தென்மலையைக் கடந்தால் குளத்துப்புழை வந்துவிடும். அதைச் சுற்றிய காடுகளில், சரிவுகள் வந்து சேரும் தாழ்வான இடங்களில், காட்டு ஜாதிக்காய் மரங்கள் நெருங்கி நிற்கும் சதுப்புகள் இருக்கின்றன. நம் அடுக்களையில் இருக்கும் ஜாதிக்காய்க்கும் ஜாதிபத்திரிக்கும் உறவான மரங்கள் அவை. கறுத்த சேற்றிலிருந்து வேர்கள் முழங்காலை மடக்கியதுபோல் வளைந்து எழுந்து மறுபடி சேற்றுக்குள் போகும். பட்டப்பகலிலும் அங்கே மாலை நேரத்து வெளிச்சம்தான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கணுக்காலளவு நீரில் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டால், ஒரு பிரம்பு இலையின் நுனியில், தீக்குச்சியைவிட மெல்லிய உடலும் வெளிறிய கழுத்துப் பட்டையும் கொண்ட ஓர் ஊசித்தட்டான் தொங்குவது மெல்லத் தெரியவரும். அது அரை நிமிடம் அங்கே இருக்கும். பிறகு இரண்டடி தள்ளி நிழலுக்குள் நுழைந்து மறைந்துவிடும்.

அந்த அரை நிமிடத்துக்குள் என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். படம் எடுப்பதா, வலை வீசுவதா, அனுமதி பெற்று மாதிரியாக எடுத்துச் செல்வதா, மரபணு ஆய்வுக்கு ஒரு காலை மட்டும் எடுத்துக்கொள்வதா? வீட்டில் உட்கார்ந்து இந்தத் தேர்வைச் செய்துகொள்ளாமல் காட்டுக்குப் போகிறவர், பெரும்பாலும் எந்த வழியையும் முழுமையாகச் செய்யாமல் திரும்புகிறார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளையும் சதுப்புகளையும் மனத்தில் வைத்து இந்த வழிகளை ஒப்பிடுகிறேன். சிங்கராஜக் காட்டிலும் இலங்கையின் பிற ஈரவலயக் காடுகளிலும் அலைகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அங்கே சிலோனோஸ்டிக்டா என்ற, அந்தத் தீவுக்கே உரிய பேரினத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இதே சிக்கலைத் தருகின்றன.

சிக்கலின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் தட்டான்களும் ஊசித்தட்டான்களுமாக இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. குளம், வயல், வாய்க்கால் ஓரங்களில் காணும் ஊசித்தட்டான்களை ஒரு பருவம் முழுக்கப் பார்த்துப் பழகினால் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் சொல்லிவிடலாம். காட்டுக்குள் அந்தப் பழக்கம் செல்லாது. நிழலோடைகளில் வாழும் ப்ரோட்டோஸ்டிக்டா என்ற பேரினத்தையே எடுத்துக்கொள்வோம். 2014 வரை இந்த மலைத்தொடரில் அதன் இனங்களை ஒற்றை இலக்கத்தில் எண்ணிவிட முடிந்தது. 2015-இல் பொன்முடியிலிருந்து ஒன்று, 2016-இல் இன்னொன்று, 2020-இல் ஒரே ஆய்வுக்கட்டுரையில் மூன்று, பிறகு ஆனைமலையிலிருந்து ஒன்று என்று வந்து, பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது. 2020-இல் வந்த மூன்றில் ஒன்றுக்கு ஜாதிக்காய்ச் சதுப்பின் பெயரையும், மேகமலைப் பகுதியில் கிடைத்த இன்னொன்றுக்குச் சோலையின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். இவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. பலர் பார்த்து, படமெடுத்து, பழைய பெயர்களில் ஏதோ ஒன்றைச் சூட்டிவிட்டுப் போன ஓடைகளில் இருந்தவைதான்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், இனத்தை எது பிரிக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆண் ஊசித்தட்டானின் வயிறு பத்துக் கண்டங்கள் கொண்டது. பத்தாவது கண்டத்தின் நுனியில், அதாவது வால்நுனியில், மேலே ஒரு சோடியும் கீழே ஒரு சோடியுமாக நான்கு சிறு பற்றுறுப்புகள் இடுக்கிபோல் அமைந்திருக்கும். இணைசேரும்போது ஆண் இவற்றால் பெண்ணின் முன்மார்பை, அதாவது தலைக்கு அடுத்துள்ள சிறிய கழுத்துப்பகுதியைப் பற்றிக்கொள்கிறது. ஓர் இனத்து ஆணின் இடுக்கியும் அதே இனத்துப் பெண்ணின் முன்மார்பும் பூட்டும் சாவியும்போல் பொருந்துகின்றன. வேறு இனத்தின் பிடி சரியாக உட்காராது. ஆகவே ஊசித்தட்டான்கள் தங்களுக்குள் யார் யார் என்று உறுதிசெய்துகொள்ளும் இடமே நமக்கும் உறுதியான அடையாளம். நிறம் அப்படியல்ல. நீர்ப்பருவத்துச் சட்டையை உரித்து வெளிவந்த முதல் நாட்களில் உடல் வெளிறியிருக்கும். வயது ஏற ஏறக் கறுக்கும். சிலவற்றின் மேல் சாம்பல் பூத்ததுபோல் வெண்பொடி படரும். இறந்த சில மணி நேரத்தில் நீலம் பழுப்பாகிவிடும். அந்த இடுக்கியின் வடிவம் மட்டும் மாறுவதில்லை.

ஆனால் அதன் அளவு ஒரு மில்லிமீட்டர் அக்கம்பக்கம். ஒவ்வொரு வழியையும் அந்த ஒரு மில்லிமீட்டரை அது காட்டுகிறதா என்று கேட்டே நான் எடைபோடுகிறேன்.

பெரும்பாலோர் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது இயல்பானது, பல ஊசித்தட்டான் குடும்பங்களுக்கு அதுவே போதுமானதும்கூட. நீரோடை வெயிலில் பச்சை மின்னும் பின்இறக்கையை விரித்துக் காட்டும் நியூரோபேசிஸ் சைனென்சிஸ் ஆணுக்கு வேறெதனோடும் குழப்பம் வராது. பாறை மேல் உட்காரும் குட்டையான ஹீலியோசைஃபாவுக்கும் அப்படியே. வெஸ்டாலிஸ் பேரினத்தில் இறக்கை நுனி கறுத்த ஏபிகேலிஸ் ஆணையும் முழுக்கத் தெளிந்த இறக்கையுடைய கிராசிலிஸையும் ஒரே புதரில் கூட்டமாகப் பார்க்கும்போதும் படம் பிரித்துக் காட்டிவிடும். ஆனால் மலை உயரங்களில் சப்மான்டானா என்ற மூன்றாவது ஒன்றும் தெளிந்த இறக்கையோடு இருப்பதால், அங்கே எடுத்த படத்துக்கு கிராசிலிஸ் என்று எழுதுவதற்கு முன் வாலின் நுனியைப் பார்த்தே ஆக வேண்டும். பாய்ந்தோடும் நீரில் வெயில்படும் கிளைகளில் அமரும் யூஃபியா ஆண்களில், பின்இறக்கையின் கருமை நுனியிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்பதும் காலின் நிறமும் நல்ல துணை. ஆனால் 2021-இல் இந்தப் பேரினத்திலிருந்தும் வயநாட்டில் ஒன்றும் சாத்தாரா மாவட்டத்துத் தோசேகரில் ஒன்றுமாக இரண்டு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. வயநாட்டு இனத்தின் பெயரே, அது ஏற்கெனவே அறிந்த டிஸ்பாரை ஒத்திருப்பதைச் சொல்லும் வகையில் சூடோடிஸ்பார் என்று அமைந்தது. இறக்கைக் கருமையை மட்டும் பார்த்து எழுதிய பழைய பட்டியல்கள் பலவற்றை மறுபடி திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.

நிழலோடைக்குள் போனால் படத்தின் பலம் சட்டென்று குறைந்துவிடுகிறது. நானே பட்ட அனுபவம் ஒன்று இருக்கிறது. ஒரு ஜூலை மாதம், அகத்தியமலைப் பக்கத்து ஓடை ஒன்றில், ஒரே ப்ரோட்டோஸ்டிக்டா ஆணை முக்கால் மணி நேரம் தொடர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். எல்லாம் பக்கவாட்டில், கண்ணும் மார்பும் கூர்மையாக விழுந்த நல்ல படங்கள். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது வால்நுனி ஒரு படத்திலும் கூர்மையாக இல்லை. ஐந்து சென்டிமீட்டர் நீள உடலில் கண்ணைக் குவியத்தில் வைத்தால், கிட்டத்திலிருந்து எடுக்கும் அந்தப் படத்தில் வால் குவியத்துக்கு வெளியே போய்விடுகிறது. அதோடு, கறுத்த இடுக்கி கறுத்த பின்னணியில் கரைந்துவிடுகிறது. அந்தத் தட்டானுக்கு இன்றுவரை என் குறிப்பேட்டில் இனப்பெயர் கிடையாது. அழகான படம் வேறு, அடையாளம் சொல்லும் படம் வேறு என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

அதன்பின் எடுக்கும் வரிசையையே மாற்றிவிட்டேன். முதல் படம் ஆதாரத்துக்காக, எப்படி விழுந்தாலும் சரி. இரண்டாவது, வால்நுனியை மட்டும் குவியத்தில் வைத்துப் பக்கவாட்டில். மூன்றாவது, அதே நுனி மேலிருந்து. நான்காவது முன்மார்பு. ஐந்தாவது இறக்கைகளின் அடிப்பகுதி, நரம்புகள் தெரியும்படி. உடல் முழுதும் தெரியும் படம் கடைசியில்தான். பறந்துவிட்டால் அழகு போகட்டும், அடையாளம் தங்கட்டும். மேக்ரோ லென்சும் ஒளியைப் பரப்பிவிடும் வெள்ளைத் திரையிட்ட ஃபிளாஷும் சதுப்பில் கட்டாயம் வேண்டும். கைபேசியில் ஒட்டும் மலிவான லென்சுகள் ஓடைக்கரை வெயிலில் உதவுகின்றன; ஜாதிக்காய்ச் சதுப்பின் இருட்டில் அவற்றை நம்பிப் போக வேண்டாம்.

இரண்டாவது வழி, வலையில் பிடித்துக் கையில் வைத்துப் பார்த்து விட்டுவிடுவது. தயக்கமில்லாமல் நான் பரிந்துரைப்பது இதைத்தான், உரிய அனுமதி இருக்கும் பட்சத்தில். சரணாலயத்துக்கும் காப்புக்காட்டுக்கும் உள்ளே, விட்டுவிடுவதற்காகவே பிடிப்பதானாலும் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் உயிரைப் பிடிப்பதும் வேட்டை என்பதற்குள் அடங்குகிறது. அனுமதியில்லாதவர் படத்தோடு நிற்க வேண்டும். அதில் குறையொன்றும் இல்லை.

பிடிக்கும் முறை எளிதானது, ஆனால் கவனம் வேண்டும். மென்மையான துணி வலையை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் வீச வேண்டும். வலையின் மடிப்புக்குள் கையை விட்டு, நான்கு இறக்கைகளையும் முதுகுக்கு மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். வயிற்றையோ காலையோ தொடவே கூடாது. பூச்சிவிரட்டித் தைலமும் அட்டைக்காகத் தேய்த்த புகையிலையும் கையில் இருக்கக் கூடாது. இறக்கை கண்ணாடித்தாள்போல் பளபளத்துத் துவண்டிருந்தால், அது அன்றோ முந்தின நாளோ வெளிவந்த குஞ்சு. அதை வலைக்குள்ளிருந்தே விட்டுவிட வேண்டும். விரல் பட்டால் இறக்கை மடங்கி, பிறகு நேராவதே இல்லை.

கையில் வந்தபின் பத்துமடங்கு கைலென்சை ஒரு கண்ணோடு ஒட்டிவைத்து, தட்டானை அதை நோக்கிக் கொண்டுவந்தால் இடுக்கி தெளிவாகத் தெரியும். அதன் பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துவிட்டால் முழு வடிவமும் கோட்டோவியம்போல் நிற்கும்: மேல் இடுக்கி நுனியில் இரண்டாகப் பிளக்கிறதா, உள்பக்கம் ஒரு பல் இருக்கிறதா, கீழ் இடுக்கி அதைவிட நீளமா, பக்கவாட்டில் பார்த்தால் கொக்கிபோல் கீழே வளைகிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் ஓடையிலேயே பதில் எழுதிவிடலாம். எஸ்மே பேரினத்து மூன்று இனங்களும் தூரப்பார்வையில் ஒரே கறுப்பு நீலம்தான். அவற்றில் ஒன்றுக்கு லாங்கிஸ்டைலா என்று பெயர் வந்ததே நீண்ட இடுக்கியால்தான். கையில் பிடித்தவருக்கு அந்தப் பெயர் உடனே புரியும், படம் பார்த்தவர் ஊகிக்க வேண்டியதுதான். ப்ரோட்டோஸ்டிக்டாவை அதன் நெருங்கிய உறவான பேரினங்களிலிருந்து பிரிக்க இறக்கையடியில் ஒரு குறுக்கு நரம்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டியிருக்கும்போதும் கையில் விரித்துப் பார்ப்பதே வழி. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. பிறகு பிடித்த இடத்துக்கே கொண்டுபோய், நிழலில், ஓர் இலையின் மேல் கால் படும்படி வைத்து விரலை எடுக்க வேண்டும். காற்றில் வீசிவிடுவது சிலந்தி வலைக்கோ நீருக்கோ கொடுப்பதாக முடியும்.

இந்த வழியின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: விட்டபின் எதுவும் மிஞ்சாது. நாளை ஒருவர் வந்து, நீங்கள் பார்த்தது அதுதானா என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே கையில் பிடித்த நிலையிலேயே, முன்பு சொன்ன வால்நுனி, முன்மார்பு, இறக்கையடிப் படங்கள் நான்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் படமெடுக்க என்று இருவராகப் போவதற்குக் காரணம் இதுவே.

மாதிரியாக எடுப்பதைப் பற்றிப் பேசும்போது பலருக்கு முகம் சுளிக்கிறது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஓர் உயிரைக் கொல்வது இலகுவாகச் செய்யும் காரியமல்ல. ஆனால் இன்று நாம் ஓடைக்கரையில் சொல்லும் பெயர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பதையும் மறக்கக் கூடாது. இந்திய மருத்துவப் பணியில் மருத்துவராக இருந்த ஃபிரெடெரிக் சார்லஸ் ஃப்ரேசர், நீலகிரியிலும் குடகிலும் ஆனைமலையிலும் சேகரித்த மாதிரிகளை உருப்பெருக்கியில் வைத்து வரைந்த ஓவியங்களோடு, 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக இந்தியத் தட்டான்களை விவரித்தார். தென்னிந்திய மலைகளுக்கு இன்றும் அடையாளத் திறவுகோல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1958-இல் பூச்சியியலாளர் கிம்மின்ஸ் பெயரிட்ட ப்ரோட்டோஸ்டிக்டா ரூஃபோஸ்டிக்மா, பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல் இருந்து பிறகு மறுபடி கண்டறியப்பட்டது. அருங்காட்சியகப் பெட்டியில் பழைய மாதிரி ஒன்று காத்திருக்கவில்லையென்றால், ஓடையில் கிடைத்தது அதுதான் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

மாதிரி எடுப்பவர்கள் பொதுவாக அதை அசிட்டோனில் பல மணி நேரம் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கொழுப்பு நீங்கி, நிறம் ஓரளவு தங்கும். மரபணுவுக்கென்றால் ஒரு காலையோ முழு உடலையோ செறிவான எத்தனாலில் வைக்கிறார்கள். பிடித்த இடம், நாள், உயரம், பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டு இல்லாத மாதிரிக்கு மதிப்பே இல்லை. இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற, பலரும் சென்று பார்க்கக்கூடிய ஒரு பொதுச் சேகரிப்பில் சேராத மாதிரியும் வீண்தான். வீட்டு அலமாரியில் எறும்பு தின்னும் மாதிரிக்காக ஓர் உயிரை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆகவே இந்த வழியை, ஏற்கெனவே அறிந்த எந்த விவரிப்போடும் பொருந்தாத ஆண் ஒன்று கையில் வந்து, அனுமதியும் சேர்க்கும் நிறுவனமும் முன்கூட்டியே உறுதியாக இருக்கும்போது மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். கேரளத்தில் ஜாதிக்காய்ச் சதுப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இரண்டு சதுர கிலோமீட்டர் தேறாது. அவற்றில் பல, ஒரு பெரிய கோயில் வளாகத்தைவிடச் சிறியவை. அப்படிப்பட்ட ஒரு துண்டுச் சதுப்பில் எண்ணிக்கை தெரியாத ஓர் இனத்திலிருந்து பத்து எடுப்பதும், பெரிய ஓடையில் ஆயிரக்கணக்கில் பறக்கும் ஒன்றிலிருந்து பத்து எடுப்பதும் ஒன்றல்ல.

மரபணு ஆய்வு இப்போது எல்லோருடைய வாயிலும் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டின் எழுத்து வரிசையைப் படித்து, சேமிப்பிலுள்ள வரிசைகளோடு ஒப்பிடுவதே இதன் அடிப்படை. ஒரு கால் போதும். கால் இழந்த ஊசித்தட்டான் தொடர்ந்து பறந்து வாழக்கூடியது என்பதால் கொல்லாமலும் செய்ய முடிகிறது. இதன் பலத்தை அகத்தியமலையில் பார்த்தோம். மெலனோனியூரா பேரினத்தில் ஃப்ரேசர் 1922-இல் விவரித்த பைலினியேட்டா ஒன்றுதான் உண்டு என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் கிடைத்தவற்றின் அந்த மரபணுத் துண்டு ஏழு விழுக்காட்டுக்கும் மேல் வேறுபட்டது தெரியவந்து, அது அகஸ்தியமலைக்கா என்று தனி இனமாயிற்று. ஆனால் கவனிக்க வேண்டியது, அந்த முடிவு மரபணுவை மட்டும் நம்பி எடுக்கப்படவில்லை என்பதுதான். முன்மார்பின் அமைப்பிலும் இடுக்கியின் வடிவிலும் இருந்த வேறுபாடு உடன் நின்றது.

தனியாக விட்டால் மரபணு ஒரு பாதி வழிதான். ஒப்பிடுவதற்குச் சரியான பெயரோடு சேமித்த வரிசை இல்லையென்றால், ஆய்வகம் தருவது ஓர் எழுத்துச் சரம் மட்டுமே. தவறான பெயரோடு யாரோ சேர்த்த வரிசை இருந்தால் அந்தத் தவறு நமக்கும் வந்து சேரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலோடை இனங்கள் பலவற்றில் இந்த அபாயம் உண்டு. பணமும் காத்திருப்பும் வேறு. மாணவர்களிடம் நான் சொல்வது, முதலில் இடுக்கியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், மரபணு அதற்குப் பின் வரட்டும் என்பதே. பெண்களையும், நீருக்குள் வாழும் இளம்பருவத்தையும் ஆண்களோடு சேர்த்துப் பொருத்துவதில்தான் மரபணுவுக்கு ஈடில்லாத பயன் இருக்கிறது. அங்கே வேறு எந்த வழியும் இவ்வளவு உதவாது.

அந்த நீர்ப்பருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடையின் தரத்தை அறியச் சல்லடை போடுகிறவர்களுக்கு அவை நிறையவே கிடைக்கும். வால்நுனியில் இலைபோன்ற மூன்று செவுள்கள் இருந்தால் ஊசித்தட்டான். வயிற்றின் பக்கங்களிலும் செவுள்கள் நீட்டியிருந்தால் யூஃபியா குடும்பம். குடும்பம்வரை, சில வேளை பேரினம்வரை உறுதியாகப் போகலாம், அதற்கு மேல் பெரும்பாலும் போக முடியாது. பாறையிலும் வேரிலும் ஒட்டியிருக்கும் உரித்த சட்டைகளுக்கும் இதே கதைதான். ஆனால் ஓர் ஓடையில் இந்தக் குடும்பம் உண்மையிலேயே இனப்பெருக்கம் செய்கிறது, காற்றில் அடித்து வந்ததல்ல என்று நிரூபிக்கச் சட்டையைவிட நல்ல சான்று இல்லை. யாரையும் தொந்தரவு செய்யாமல் எடுக்கக்கூடியதும் அதுவே.

இவற்றைத் தவிர, யாரும் வழி என்று பெயர் சொல்லாமலே அதிகம் பயன்படுத்தும் ஒன்று உண்டு: இடத்தை வைத்துப் பெயர் சொல்வது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இது, வடக்கே அது. செங்கோட்டைக் கணவாய்க்கு இந்தப்பக்கம் இன்னொன்று. கணவாய்கள் உண்மையிலேயே பல உயிர்களைப் பிரித்து வைத்திருக்கின்றன, ஆகவே இந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெயரைத் தீர்மானிக்க இடத்தையும், பிறகு அந்தப் பெயர்களை வைத்தே பரவல் வரைபடத்தையும் வரைந்தால் வட்டம் மூடிக்கொள்கிறது. அந்த வட்டத்துக்குள் புதிய இனம் ஒன்று இருந்தாலும் வெளியே தெரியாது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் கணினி முன்மொழியும் பெயரும் இதே குறையுடையதுதான். அருகில் பிறர் பதிந்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே மிகுதியாகப் பதிவான இனத்தையே அது முன்வைக்கும். இடம் ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்பை எழுத விடக் கூடாது.

பெண்களைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டியல்களில் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன. பெண்ணுக்கு இடுக்கி இல்லை. பார்க்க வேண்டியது முன்மார்பின் பின்விளிம்பு. அதில் சிலவற்றுக்கு மடல், சிலவற்றுக்கு இரு சிறு முட்கள், சிலவற்றுக்கு வெறும் வளைவு. அதைப் படத்தில் பிடிப்பது ஆணின் வால்நுனியைப் பிடிப்பதைவிடக் கடினம். ப்ரோட்டோஸ்டிக்டாவில் பல இனங்களின் பெண்கள் ஒன்றையொன்று அவ்வளவு ஒத்திருக்கின்றன. இறக்கையின் முன்விளிம்பிலுள்ள சிறு நிறப்புள்ளியை வைத்தே சாங்குயினோஸ்டிக்மா, அதாவது இரத்தப்புள்ளி என்றெல்லாம் பெயர்கள் வந்திருக்கின்றன. ஆனால் இளம் தட்டான்களில் அந்தப் புள்ளி வெளிறியே இருக்கும், நாளடைவில்தான் நிறம் ஏறும். செம்மை இல்லை என்பதால் அந்த இனமில்லை என்று சொல்லிவிட முடியாது. நம்பத்தக்கது ஒன்றுதான்: ஆணோடு இணைந்த நிலையில் பெண்ணைப் பார்ப்பது. அப்படி ஒரு சோடி கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதன் கழுத்துப்பகுதியைப் படமெடுங்கள். பிடி விழும் அந்த இடத்தில் இரு பாலினத்தின் சான்றும் ஒரே சட்டத்தில் இருக்கிறது.

இனி, யாருக்கு எது? விடுமுறையில் குற்றாலத்துக்கோ வால்பாறைக்கோ போய் ஓடையோரம் நடக்கிறவருக்குப் படம் போதும், வால்நுனி வரிசையை மட்டும் கைக்கொண்டால். இயற்கைக் குழுவாகச் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரே ஓடையைக் கணக்கெடுப்பவர்கள் அனுமதி பெற்றுப் பிடித்துப் பார்த்து விடும் முறைக்கு வந்துவிட வேண்டும். அவர்களுடைய பட்டியலை வைத்துத்தான் நாளை அந்தச் சதுப்பைக் காக்க யாராவது வாதாடுவார்கள், அதில் ஊகப்பெயர் இருந்தால் வாதம் அங்கேயே உடையும். ஓர் அணையோ சாலையோ வருவதற்கு முன் நடக்கும் ஆய்வில் படத்தை மட்டும் வைத்துப் பெயர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். மாதிரியும் மரபணுவும் ஆராய்ச்சி மாணவருக்கு, அதுவும் கையில் தெளிவான கேள்வி ஒன்று இருக்கும்போது. நேரமும் பணமும் ஒரு வழிக்கு மட்டுமே போதும் என்றால், எந்தத் தயக்கமும் இன்றிக் கைலென்சை வாங்குங்கள். கேமராவை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இனத்தைச் சொல்ல முடியாத நாட்கள் வரும். அப்போது பேரினப் பெயரோடு நிறுத்தி, ஏன் நிறுத்தினோம் என்பதையும் எழுத வேண்டும். என் குறிப்பேட்டில் சென்ற பருவத்துப் பதிவு ஒன்று இப்படி இருக்கிறது: ‘ப்ரோட்டோஸ்டிக்டா, ஆண் ஒன்று, காலை பத்தரை, சதுப்பின் வடகரை, முழங்கால் உயரத்தில் பிரம்பிலையில். முன்மார்பு வெளிர்நீலம், இறக்கைப் புள்ளி கறும்பழுப்பு. மேல் இடுக்கியின் நுனி பிளந்தது, கீழ் இடுக்கி தெரியவில்லை. இனம் எழுதவில்லை.’ அதன் கீழே மூன்று விரற்கடை இடம் வெற்றாக விட்டிருக்கிறேன். ஜூன் மாதம் மழை பிடித்ததும் அதே கரைக்குப் போக வேண்டும்.